மூன்றாம் இடத்துக் கழிகள்

கோட்டைக்குப்பம்
2-4-1979

தம்பி வேணுவுக்கு அக்கா அங்காளம்மாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் நீ எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தாய். சுகமில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமா பேரைப் பாடு முறையிலிருந்து நீக்கிவிட்டார்கள், இனி ஏரியில் வலை கட்ட அவருக்கு இடம் இல்லை.

பங்குனி முதல் வாரம் ஏரியில் மூன்றாம் இடம் அவருக்கு முறையாக வந்தது. முதலில் முறை வருகிறவர் ஊன்றும் கழியில்தான் அந்தப் பருவம் முழுக்க மற்றவர்களும் முறை வைத்து வலை கட்டுவார்கள். உனக்குத் தெரியாததா. பொங்கலுக்கு வந்தபோது புழு அரித்துப்போட்ட பழைய கழிகளைப் பார்த்துவிட்டு, இதற்கு எங்கள் கம்பெனியில் மருந்து இருக்கிறது என்றாய். இரண்டு வாரம் கழித்துத் துணிப்பைக்குள் ஒரு டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாய். கம்பெனி கேட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்தது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாய்.

உன் மாமா பழைய படகில் தண்ணீர் நிரப்பி, அதில் மருந்தைக் கரைத்து, நாற்பது சவுக்குக் கழிகளை ஒரு மாதம் ஊறப் போட்டார். தினமும் கையை விட்டுப் புரட்டினார். ஊரில் எல்லோருக்கும் இரண்டு வருஷம் உழைக்கும் கழி என்று அவருக்கு அவ்வளவு பெருமை. ஊன்றிய அன்று மிச்சத் தண்ணீரையும் அங்கேயே ஏரியில் கவிழ்த்தார். இந்த வருஷம் முகத்துவாரம் மாசியிலேயே மண் மூடிவிட்டது. தண்ணீர் கடலுக்குப் போகவும் இல்லை, வரவும் இல்லை. ஐந்தாம் நாள் மூன்றாம் இடத்தில் இறால் செத்து மிதந்தது. கூடை கூடையாக.

மருந்து போட்டு இறால் பிடிக்கப் பார்த்தான் என்று பேச்சு கிளம்பியது. வீட்டில் வந்து தேடினார்கள், உன் டின் கிடைத்தது. கோயில் முன்னால் கூட்டம். ஊர்த் தலைவர் சகாதேவன் அண்ணன்தான் கேட்டார். "தெய்வசிகாமணி, இது இன்னா டின்னு? யாரு குட்த்தது?" இவர், கழிக்குத் தடவினது என்று மட்டும் சொன்னார். யார் கொடுத்தது என்று மூன்று தரம் கேட்டும் வாய் திறக்கவில்லை. கொடுத்தவன் பேரைச் சொல்ல முடியாதவன் சொல்வதை எப்படி நம்புவது என்றார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சித்திரையில் பேர் கூப்பிடும்போது எழுந்து நின்று "உண்டு" என்று சொல்வதற்குத்தான் இந்தக் குப்பத்தில் ஒரு ஆம்பளை வருஷம் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறான். இந்தச் சித்திரையில் அவர் பேரைக் கூப்பிட மாட்டார்கள். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடனே வா.

அக்கா


திருவொற்றியூர்
9-4-1979

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் ஒன்றை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்து கரையானுக்கும் மரப்புழுவுக்கும் ஆனது. ரயில் பாதைக் கட்டைக்கும் கரண்டு கம்பத்துக்கும் ஊர் ஊராகப் போகிறது. அதனால் இறால் சாகும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பங்குனி வெயிலில் தண்ணீர் சுட்டால் மீன் மிதப்பது வருஷா வருஷம் நடப்பதுதானே. வேறு காரணம் இருக்கும்.

என் நிலைமையும் உனக்குத் தெரிய வேண்டும். நான் இன்னும் தற்காலிகம்தான். ஆகஸ்டில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொருள் வெளியே போனது தெரிந்தால் வேலை போவது மட்டுமில்லை, போலீசுக்கும் எழுதிக்கொடுப்பார்கள். மல்லிகா ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். மாமா கடையில் வாங்கினதாகச் சொல்லக்கூடாதா? அந்த டின்னை எங்காவது மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதே.

வேணு


கோட்டைக்குப்பம்
20-4-1979

வேணு,

டின் சகாதேவன் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அதை அவர் வீட்டுக்குப் போய்ப் புதைக்கச் சொல்கிறாயா? அதில் உங்கள் கம்பெனி பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, நீ அங்கேதான் வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாருக்கும் தெரியாததால் தப்பினாய். எந்தக் கடையில் வாங்கினதாகச் சொல்வது?

சித்திரை முதல் நாள் பேர் கூப்பிட்டார்கள். இவர் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கோயிலிலிருந்து ஒவ்வொரு பேரும் எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது. இவருக்கு முந்தின பேர் வந்தது, பிந்தின பேர் வந்தது. பிறகு சின்னவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.

உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் என்மேல் பாய்கிறார். "அவன் வேலை போச்சுன்னா திரும்பக் கிடைக்குமா? என் பேரு எங்க போய்டப் போகுது? நீ வாயத் தொறக்காத" என்கிறார். பொன்னேரிக் காலேஜில் உன்னைச் சேர்க்கப் போன அன்று போட்டிருந்த சட்டையை இன்னும் வைத்திருக்கிறார், தெரியுமா. நைனா செத்த பிறகு உன்னை மச்சானாகவா வளர்த்தார்? எனக்கு உன்மேல் இருக்கிற ஆத்திரத்தைக்கூட வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு விஷயம் அவர் உனக்கு எழுதச் சொன்னார். நீ படித்தவன், உனக்குப் புரியும் என்றார். செத்த இறாலை அவர் கையில் எடுத்துப் பார்த்தாராம். அத்தனையும் அப்போதுதான் சட்டை உரித்தது, தொட்டால் அமுங்குகிற இறால். ஓடு கெட்டியானது ஒன்றுகூடச் சாகவில்லை. பக்கத்தில் மடவை மீன் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்ததாம். "திருட்டு மருந்து போட்டா எல்லாந்தான சாவும், இது இன்னா கணக்கு" என்று அதையே பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெயில் என்று எழுதினாயே, வெயில் சட்டை உரித்ததை மட்டும் பார்த்துச் சுடுமா?

அங்காளம்மாள்


திருவொற்றியூர்
3-6-1979

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மாமாவிடம் நீயே படித்துக் காட்டு.

மாமா சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் லேபில் பெரியவர் வீரராகவன் சார். அவரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொடுத்தார். டின்னில் இருப்பது சோடியம் பென்டாகுளோரோபீனேட். அதை இறால் இருக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். படித்தும் நம்ப மனமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூரில் உயிரோடு எட்டு இறால் வாங்கி, உப்புத் தண்ணீரில் போட்டு லேபில் வைத்தேன். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மூன்று கடுகளவு மருந்து. அவ்வளவுதான் கலந்தேன். ஏழு இறால் கெட்டி ஓடு. ஒன்று அன்று காலையில்தான் சட்டை உரித்திருந்தது. மறுநாள் வந்து பார்த்தால் ஏழும் நீந்துகின்றன. அது மட்டும் வெளுத்துப்போய் அடியில் கிடந்தது.

சட்டை உரித்ததும் இறால் உடம்பு பெருப்பதற்காகத் தண்ணீரை உள்ளே இழுக்குமாம். தண்ணீரில் இருப்பது எல்லாம் அப்போது உள்ளே போகிறது. மாமா பார்த்தது சரி. ஊரில் யாரும் செய்யவில்லை. கழியும் அந்த மிச்சத் தண்ணீரும்தான் செய்தது. அப்படியென்றால், நான் செய்தது.

கேள். கழிகளைப் பிடுங்கச் சொல். வெயில் படுகிற தண்ணீரில் அந்த மருந்து சில நாளில் சிதைந்துவிடும். சேற்றுக்குள் இறங்கினால் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே எத்தனை காலம் கிடக்கும் என்று சார் திட்டமாகச் சொல்லவில்லை. மாமா வெறும் கையால் கழிகளைத் தொட வேண்டாம். தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்று போட்டிருக்கிறது.

நான் வந்து கூட்டத்தில் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் பொறு. கையில் அந்த ஒரு காகிதம் கிடைத்துவிட்டால் பிறகு எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதம்தான் அக்கா.

வேணு


கோட்டைக்குப்பம்
25-6-1979

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்தேன். எட்டு இறால் கதையை மட்டும் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு" என்று பெரியவளிடமும் சொன்னார். பங்குனிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

கழிகளைப் பற்றி எழுதியிருந்தாய். வைகாசியிலேயே ஊரார் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். அவரே தனியாகத் தண்ணீரில் இறங்கி நாற்பதையும் பிடுங்கிக் கொண்டுவந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. அறுத்துத் துண்டு போட்டு அடுக்கிவைத்தார். ஒரு மாதமாக அதில்தான் சமைக்கிறேன். புகை கண்ணைக் கரிக்கிறது, மற்றபடி நன்றாக எரிகிறது.

அவருக்குத்தான் உடம்பு சரியில்லை. எந்த நேரமும் வேர்க்கிறது. பாய் நனைந்து பிழிகிற அளவுக்கு வேர்வை. சோறு இறங்குகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. அம்மன் தண்டனை என்று இரண்டு பேர் என் காதில் விழுகிற மாதிரி பேசிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட். அவரும் அதையே சொல்கிறார். இத்தனை நாள் பொறுத்தோம், இன்னும் இரண்டு மாதத்தில் என்ன. மல்லிகாவைக் கனம் தூக்கவிடாதே.

அக்கா


திருவொற்றியூர்
29-6-1979

அக்கா, அந்த விறகை எரிக்காதே. தந்தியும் கொடுத்திருக்கிறேன். எது முதலில் வருகிறதோ தெரியவில்லை. ஒரு துண்டுகூட எரிக்காதே. அந்தப் புகையும் விஷம். பிள்ளைகளை அடுப்பு பக்கம் விடாதே. மிச்சக் கட்டையைத் தண்ணீருக்குத் தூரமாகக் குழி வெட்டிப் புதை. கையில் துணி சுற்றிக்கொள்.

மாமாவுக்கு வருவது காய்ச்சல் இல்லை. வேர்வையும் இளைப்பும் அந்த மருந்தால்தான். நாளைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். மருந்தின் பேர், எப்படி உடம்பில் ஏறியது, எல்லாம் எழுதியிருக்கிறேன். டாக்டர் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் போதும். மாமாவே கொடுக்கட்டும். மறக்க வேண்டாம்.

வேணு


திருவொற்றியூர்
2-9-1979

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் போட்ட கடிதமும் தந்தியும் வந்ததா? மாமாவை ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொன்னார்?

ஆகஸ்ட் இருபதாம் தேதி காகிதம் கையில் வந்தது. அதே வாரம் மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதனால்தான் சொன்னபடி உடனே கிளம்ப முடியவில்லை. இப்போது லீவு கேட்டால் நன்றாக இருக்காது. தீபாவளிக்கு நான்கு நாள் கிடைக்கும். நேராகச் சகாதேவன் அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன். மாமாவிடம் சொல்.

வேணு


கோட்டைக்குப்பம்
24-9-1979

வேணுவுக்கு,

உன் மாமா ஆவணி இருபத்தைந்தில் போய்விட்டார். தந்தி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

தந்தி வந்த அன்றே விறகைப் புதைத்துவிட்டேன். வர மாட்டேன் என்றவரை ஆடியில்தான் பொன்னேரிக்குக் கூட்டிப் போக முடிந்தது. ஆம்பளை வார்டு, என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே டாக்டர், வேலையில் ஏதாவது மருந்து கிருந்து தொட்டாயா என்று கேட்டாராம். இவர், மீன் பிடிக்கிறவனுக்கு என்ன மருந்து என்றாராம். அன்று அதே வார்டில் இருந்த ஒருவர் துக்கத்துக்கு வந்தபோதுதான் இதைச் சொன்னார். முறைக்காய்ச்சல் என்று வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சீட்டைக் கொடுத்தீர்களா என்று பஸ்ஸில் கேட்டேன். கொடுத்தேன் என்றார். நான் நம்பினேன். அவர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

கடைசி வாரம் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஈரத்துணி போட்டால் போட்ட கையோடு காய்ந்தது. கடைசி நாள் சின்னவளிடம், முகத்துவாரம் திறந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை நைனா என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

குளிப்பாட்டும்போது இடுப்பு முடிச்சில் ஒரு காகிதம் இருந்தது. பத்தாய் மடித்து, வேர்வையில் ஊறி, மை கலைந்து நீலமாய்க் கிடந்தது. உன் எழுத்து என்று எனக்குத் தெரிந்தது. மருந்தின் பேரைக் காட்டினால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். அதற்குத்தான் காட்டவில்லை. உன் ஆகஸ்டை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு செத்தார்.

காத்திருக்கச் சொன்னது நீ. சரி என்று எழுதியது நான். உன்னை மட்டும் திட்டிவிட்டு என்னால் படுக்க முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அங்காளம்மாள்


திருவொற்றியூர்
18-3-1980

அக்கா,

மூன்று கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது. இதையும் திருப்பினால் திரும்ப எழுதுவேன்.

நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். பாடு உள்ள ஒருவர் செத்துப்போனால், அடுத்த சித்திரையில் அவர் பேரைக் கடைசியாக ஒரு தரம் கூப்பிடுவார்கள். ஆண்பிள்ளை இருந்தால் "உண்டு" என்று சொல்லி இடத்தை எடுத்துக்கொள்வான். இல்லையென்றால் மச்சான்காரன் எழுந்து "இல்லை" என்று சொல்ல வேண்டும். அதோடு அந்தக் குடும்பத்துத் தலைக்கட்டு முடிந்தது. மாமாவுக்கு அதுகூட இல்லாமல் செய்துவிட்டேன். நீக்கின பேரை யார் கூப்பிடுவார்கள்?

நேற்று வீரராகவன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். அதன் நகலைச் சகாதேவன் அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறேன். டின், கழி, எட்டு இறால், சீட்டு, ஒன்றையும் மறைக்கவில்லை. வேலையைப் பற்றி இப்போது நினைக்கவில்லை. போன வருஷமே நினைக்காமல் இருந்திருக்கலாம்.

சித்திரை முதல் நாள் வருகிறேன். மாமா பேரைக் கூப்பிட்டால் நான் எழுந்திருக்க வேண்டும். உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், பயப்படாதே.

வேணு


கோட்டைக்குப்பம்
20-4-1980

தம்பி வேணுவுக்கு அக்கா எழுதுவது.

வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். குழந்தை எப்படி இருக்கிறாள்? பேர் வைத்தாயா?

அன்றைக்கு நீ வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உன் கடிதத்தை முழுதும் படித்தார்கள். எட்டு இறால் வந்த இடத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார்கள். அன்று கூட்டத்தில் அவர் சொன்னதைக் கேட்காத அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் மறுபடி நினைவு வந்திருக்கும். பிறகு சகாதேவன் அண்ணன் எழுந்து, வரிசையில் அவர் இடம் வந்ததும், தெய்வசிகாமணி என்று கூப்பிட்டார்.

நீ எழுந்தாய். வாய் திறந்தாய். உனக்கு "இல்லை" என்ற அந்தச் சொல் வரவில்லை. எனக்கு அப்போது உன்மேல் இருந்தது எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது. பொம்பளைகள் நிற்கிற பக்கத்திலிருந்து நான்தான் "உண்டு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே இருந்த சொல், வந்துவிட்டது. நீ துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அதனால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

பொம்பளை சொல்லக்கூடாது என்று ஒருவர் எழுந்தார். சகாதேவன் அண்ணன் அவரை உட்காரச் சொன்னார். மூன்றாம் இடத்தில் இந்த வருஷமும் சட்டை உரித்த இறால் செத்துக் கிடக்கிறது, அங்கே வலை கட்ட யாருக்கும் மனசில்லை என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அவர் சொன்னார். "அந்த எடம் தெய்வசிகாமணி பாடு. சேறு சரியாவற வரைக்கும் யாரும் கழி ஊன வேணாம். அது வரைக்கும் வருஷா வருஷம் அவன் பேரக் கூப்டுவோம். தங்கச்சி பதில் சொல்லட்டும்."

கூட்டம் சரி என்றது. நான் வீட்டுக்கு வந்து, போன வருஷப் பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

அந்தச் சேறு எத்தனை வருஷத்தில் சரியாகும் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீ வந்து சேற்றை எடுத்துப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வா. இந்தத் தடவை வீட்டுக்கு வா. ஊருக்குப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இறால் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் அம்மனைக் கும்பிடுகிறேன்.

ஆனால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதே, தம்பி.

அக்கா